நம் பங்கில் ஒரு பியானோ வகுப்பு
(யூபிலி விழா இசை மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சாயர்புரம் என்றதும் எல்லோரும் போப் ஐயரை நினைப்பார்கள். அவர் இவ்வூருக்குக் கல்விப்பணி ஆற்ற வந்தது 1842இல். அதே ஆண்டில்தான் பாரிசு நகரத்தில் தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். சென்னையில் மியூசி மியூசிக்கல் என்ற இசைக்கருவிக் கடை பிறந்ததும் அந்த ஆண்டே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லைதான், ஆயினும் பியானோவைப் பற்றிப் பேச வந்த நமக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மண்டபத்துப் பக்க அறையில் மாலைதோறும் நடக்கும் பியானோ வகுப்பு யூபிலிக்குப் பின்னும் தொடர வேண்டுமா என்று பங்குப் பேரவையில் கேட்கப்பட்டது. "பியானோ கோவிலுக்கு ஆகுமா? பத்துப் பேருக்காக ஓர் அறையா?" என்பவை கேள்விகள். இரண்டும் நியாயமானவையே.

முதல் கேள்வியைக் கேட்டவர் திருச்சபை வரலாறு அறிந்தவராக இருக்க வேண்டும். 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை விதிகளில் பியானோவைக் கோவிலில் வாசிக்கக் கூடாதென்று தெளிவாகவே எழுதினார். முரசும் தாளமும் அந்தத் தடையில் அடக்கம். அக்காலத்து ஐரோப்பியக் கோவில்களில் நாடக மேடை இசை புகுந்திருந்ததே காரணம். பிறகு 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்து, பிற கருவிகளும் வழிபாட்டுக்கு ஏற்றவையாய், ஆலய மாண்புக்குப் பொருந்தி, விசுவாசிகளுக்கு உண்மையில் பயன் தருமானால், உரிய அதிகாரிகளின் இசைவோடு பயன்படுத்தலாம் என்றது. ஆகவே, எந்தக் கருவி என்பதைவிட, அதை எப்படி வாசிக்கிறோம் என்பதே இன்று நம் முன் நிற்கும் கேள்வி. சரியாக வாசிக்க ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

இனி, பத்துப் பேருக்கு ஓர் அறையா என்ற கேள்வி. சென்னை மயிலாப்பூரில் சாய் லாட்ஜ் என்ற விடுதியின் ஓர் அறையில் தன்ராஜ் மாஸ்டர் பியானோவும் மேல்நாட்டு இசையும் கற்பித்தார். பெயர்ப் பலகை பெரிதில்லை, கட்டடம் பெரிதில்லை. 1968இல் சென்னை வந்த இளையராஜா அவரிடம் சேர்ந்தபோது இருபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஆண்டுக்கணக்காய் ஆர்மோனியம் வாசித்த கை அது. கேள்வி ஞானம் நிறைய இருந்தவர் இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் அங்கே பழகினார். பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் சிறுவனாக அதே மாஸ்டரிடம் பியானோ கற்றார். சிறுவனுக்கு ஒரு விதமாகவும் வளர்ந்தவருக்கு வேறு விதமாகவும் கற்பிக்க ஒரே ஆசிரியர் போதுமாயிருந்தார்.

நம் அறையிலும் அதுவே நடக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அரைமணி நேரம் அதிகம். இருபது நிமிடத்தில் கண் ஜன்னலுக்குப் போய்விடும். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு விரல் மெதுவாகத்தான் வளையும், ஆனால் ஒரே கீர்த்தனையை மாதம் முழுவதும் அலுக்காமல் வாசிப்பார். இவர்களை ஒரே வரிசையில் உட்கார வைப்பது வகுப்பைக் கெடுக்கும். தனித்தனியாக நேரம் ஒதுக்குவதால்தான் எண்ணிக்கை குறைவு. எட்டு கிரேடு தேர்வுகள் இளையோருக்கு நல்ல ஏணி. பாட்டிமாரை அதில் ஏற்ற வேண்டாம்!

பழைய பியானோ ஒன்றை நன்கொடையாகத் தருவதாக ஒருவர் சொன்னார். நன்றி கூறி மறுத்துவிட்டோம். அதில் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து பல டன் இழுவிசை. உப்பளக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கம்பளித் துணி ஈரம் குடிக்கும், ஸ்ருதி சேர்க்க ஆளைத் தேடி அலைய வேண்டும். எண்பத்தெட்டுக் கட்டைகளும் அழுத்தமும் உள்ள மின்பியானோ நமக்குப் போதும். விளையாட்டுச் சாமான் போன்ற மெல்லிய கீபோர்டில் மட்டும் விரல் பழகக் கூடாது.

சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். திருமணத்துக்கு வாசிக்க வேண்டும், அடக்கத்துக்கு வாசிக்க வேண்டும், நவநாள் ஒன்பது நாளும் வாசிக்க வேண்டும் என்று கேட்கிறோம். "கோவில் சேவைதானே" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுகிறோம். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் அப்படிச் சொல்லுகிறோமா? மாணவர் மழைக்கு வராவிட்டால் அந்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆசிரியை அந்த நேரம் முழுவதும் அறையில் காத்திருந்தார் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. அந்தக் கட்டணத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது.

எனவே பேரவைக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்: அறைக்கு வாடகை வேண்டாம், மின்கட்டணம் பங்கைச் சேரட்டும். மாணவர்கள் மாதக் கட்டணத்தை முழுமையாக, ஐந்தாம் தேதிக்குள் ஆசிரியையிடமே செலுத்தட்டும். ஏழைப் பிள்ளைகள் இருவருக்கான கட்டணத்தைப் பங்கு நிதியிலிருந்து கொடுப்போம். ஆசிரியையைத் தள்ளுபடி கேட்க வேண்டாம். திருமணப் பூசைக்கு வாசிப்பவருக்குரிய காணிக்கையை ஓலை வாசிக்கும்போதே அலுவலகத்தில் கட்டிவிட வேண்டும். பேரவை அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கூடுகிறது. வகுப்பில் படிக்கும் பெரியவர்களும் தவறாமல் வந்து பேசுங்கள்.