துவக்கும் இடக்கையும்

வலக்கைக்குத் தமிழ் வழக்கிலே சோற்றுக்கை என்றொரு பெயர் உண்டு. இடக்கைக்கு வழங்கும் பெயரைச் சபையிலே சொல்வதில்லை. உலகத்து மக்களிற் பத்தில் ஒருவர் அளவில் இடக்கைப் பழக்கம் உடையவர்கள். எழுதிய வரியைத் தம் கையாலேயே அழித்துக்கொள்வதும், கத்தரிக்கோல் துணியை வெட்டாது மடித்து விடுவதும் அவர்களுக்கு அன்றாட அனுபவம். இவையெல்லாம் சிறு தொல்லைகள். ஆனால், ஒரு பொருள் கண்ணுக்குச் சில அங்குலத் தொலைவில் நின்று வெடிக்கும்போது அதன் அமைப்பு எந்தக் கைக்கு உரியது என்பது சிறிய விடயம் அன்று. துவக்கு அத்தகைய பொருள்.

றைபிளை ஏந்தும் முறையை முதலிலே மனத்திற் கொள்ள வேண்டும். வலக்கைக்காரர், சோங்கு எனப்படும் பின்புற மரப்பகுதியை வலத்தோளிற் பதித்து, வலக்கை விரலை விசையில் வைத்து, இடக்கையால் முன்பகுதியைத் தாங்கிக்கொள்வார். அவருடைய கன்னம் சோங்கின் இடப்பக்கத்திற் படியும். ஆகவே துவக்கின் வலப்பக்கம் முழுவதும் அவர் முகத்துக்கு அப்பால் இருக்கிறது. பொறி, புகை, வெற்றுக் கோது என வெளியேறுவன யாவும் அந்தப் பக்கத்தால் வெளியேறினால் அவருக்குத் தீங்கில்லை. துவக்குச் செய்தோரும் அவ்வாறே செய்து வைத்தனர். இடக்கைக்காரர் அதே துவக்கை இடத்தோளில் வைத்ததும் நிலைமை தலைகீழாகிறது. எந்தப் பக்கத்தை முகத்துக்கு அப்பால் ஒதுக்கி வைத்தார்களோ, அந்தப் பக்கத்திலேயே அவருடைய முகம் வந்து நிற்கிறது.

சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் துவக்கு ஐரோப்பியப் படைகளின் கையில் இருந்த பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்த வழக்குத் தீர்க்கப்பட்டுவிட்டது. கல்லைக் கவ்விய சுத்தியலும், சிறிது மருந்து இட்டு வைக்கும் கிண்ணமும் குழலின் வலப்புறத்திற் பொருத்தப்பட்டிருந்தன. விசையை இழுத்ததும் முதலில் எரிவது அந்தக் கிண்ணத்து மருந்து; அது திறந்த வெளியிலே பளிச்சென்று எரியும். இடத்தோளில் வைத்துச் சுடுபவனுக்கு அந்தச் சுவாலை கன்னத்தோரத்தில் எழும். மேலும், அக்காலச் சிப்பாய்கள் தோளோடு தோள் உரச நின்று ஒரே கட்டளைக்குச் சுட்டவர்கள். வரிசையில் ஒருவன் மட்டும் மாறிப் பிடித்தால் அவனுக்கும் இடைஞ்சல், அயலவனுக்கும் இடைஞ்சல். இடக்கைக்கென்று வேறு துவக்குச் செய்வதைக் காட்டிலும் இடக்கைக்காரனை வலக்கைக்காரனாக்குவது மலிவாயிற்று. செல்வர் சிலர் இடப்புறத்திற் பொறி வைத்த வேட்டைத் துவக்குகளைத் தமக்கெனச் செய்வித்துக்கொண்டதுண்டு. சிப்பாய்க்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

துவக்கின் பொறிமுறை மாறிய பின்னரும் பக்கம் மாறவில்லை. பிரித்தானியப் படை 1895-ஆம் ஆண்டில் ஏற்று, திருத்தங்களுடன் இரு உலகப் போர்களிலும் ஏந்திய லீ-என்பீல்ட் றைபிளை நோக்குவோம். கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் உருளையை மேலே தூக்கி, பின்னே இழுத்து, மீண்டும் முன்னே தள்ளி, கீழே மடக்கினால் வெற்றுக் கோது வெளியே விழும். புதிய தோட்டா உள்ளே ஏறும். அந்தத் தாழின் கைப்பிடி வலப்புறத்தில் உள்ளது. வலக்கைக்காரர் விசையிலிருந்து கையை எடுத்து, தாழை இயக்கி, மீண்டும் விசைக்கு வருவார். இடக்கை அசையாமல் துவக்கைத் தாங்கி நிற்கும். 1914-ஆம் ஆண்டுக்கு முன் பிரித்தானியக் காலாட்படையின் பயிற்சியிலே, 300 யார் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஒரு நிமிடத்திற் பதினைந்து முறை குறிபார்த்துச் சுட வேண்டும் என்றொரு சோதனை இருந்தது. ஒரு சூட்டுக்கு நான்கு விநாடி. இடக்கைக்காரர் அந்த நான்கு விநாடிக்குள் விசையை விட்ட கையைத் துவக்கின் மேலாக அப்புறம் கொண்டுபோய்த் தாழை இழுக்க வேண்டும். அல்லது துவக்கைத் தாங்கும் வலக்கையை எடுக்க வேண்டும். முதலாவது வழியிலே குறி கலையும். இரண்டாவது வழியிலே குழல் தாழ்ந்து போகும்.

இங்கே ஒரு விநோதத்தையும் சொல்லத்தான் வேண்டும். துவக்கின் முன்பகுதி மணல்மூட்டை ஒன்றின் மீது கிடக்குமானால், வலக்கைக்கு அதைத் தாங்கும் வேலை இல்லை. அப்பொழுது இடக்கைக்காரர் விசையிலிருந்து விரலை எடாமலே வலக்கையால் தாழை இயக்கலாம். வலக்கைக்காரருக்குக் கிட்டாத வசதி அது. இதைப் போன்ற இன்னொன்று, கோல்ட் கம்பனி 1873-இல் வெளியிட்ட பெயர்பெற்ற சுழல் துப்பாக்கியிலும் உண்டு. அதிலே தோட்டா இடும் சிறு கதவு வலப்புறத்தில் இருக்கிறது. வலக்கைக்காரர் துப்பாக்கியை மற்றக் கைக்கு மாற்றித்தான் தோட்டா இடுவது வழக்கம். இடக்கைக்காரருக்கோ மாற்றமே வேண்டியதில்லை. எவரும் நினைத்துச் செய்த தயவன்று, தற்செயல்.

தானே கோதை வெளியேற்றித் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துவக்குகள் பெருகியபோது தாழை இழுக்கும் தொல்லை நீங்கிற்று. வேறொரு தொல்லை வந்தது. வெடித்த சூட்டோடு பித்தளைக் கோது வலப்புறத் துவாரத்தால் வேகமாய்ப் பாயும். இடத்தோளில் வைத்தவரின் கண் முன்னாலே அது குறுக்கிட்டுப் பறக்கும். சில வேளைகளிற் கன்னத்திற் படும். சட்டைக் கழுத்துக்குள் விழுந்து தோலைச் சுடுவதும் உண்டு. 1960-களில் அமெரிக்கப் படைகளுக்கு வழங்கப்பட்ட எம்-16 றைபிளில் இந்தக் குறை இருந்தது. 1980-களில் வந்த அதன் திருத்திய அமைப்பிலே, துவாரத்தின் பின்னே ஒரு சிறு உலோகப் புடைப்பை வைத்தார்கள். கோது அதிலே மோதி முகத்தை விட்டு விலகிப் போகிறது. இரண்டு விரற்கடை உலோகம் கூட இல்லை. ஆனால் அது வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

பிரித்தானியா எதிர்த் திசையிலே சென்றது. 1985-ஆம் ஆண்டு அது ஏற்றுக்கொண்ட எஸ்.ஏ.80 என்னும் றைபிள் நீளத்திற் குறுகியது. நீளத்தைக் குறைப்பதற்காக வெடிக்கும் பொறி முழுவதையும் விசைக்குப் பின்னால், கன்னம் படியும் சோங்குக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். வலத்தோளில் வைப்பவருக்கு அது நல்ல துவக்குத்தான். இடத்தோளில் வைத்தாலோ, கோது பாயும் துவாரம் முகத்தோடு ஒட்டி நிற்கும். அன்றியும், வலப்புறத்திலுள்ள கைப்பிடி ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னும் பின்னுமாகப் பாய்ந்து வரும். பல்லும் கண்ணும் அதற்கு ஈடுகொடா. ஆதலினால் அந்தத் துவக்கை ஏந்தும் இடக்கை வீரர் அனைவரும் வலத்தோளிலிருந்து சுடப் பழகவேண்டியதாயிற்று. பலர் நன்றாகவே பழகினர் என்பது உண்மை. அதனால் அமைப்பிற் குறையில்லை என்று ஆகிவிடாது. வலக்கை வீரனுக்கும் அது இடர் தருவதுண்டு. சுவரின் இடப்பக்க மூலையால் எட்டிப் பார்த்துச் சுட வேண்டிய வேளையில், இடத்தோளுக்குத் துவக்கை மாற்ற முடிந்தவன் தலையும் தோளும் மாத்திரமே வெளித்தெரிய நிற்பான். மாற்ற முடியாதவன் உடலிற் பெரும்பகுதியை வெளியே காட்ட வேண்டும்.

அதே குறுகிய வகையிலே பிறநாட்டார் செய்தவற்றைப் பார்த்தால் இது தவிர்க்க முடியாத இடர் அன்று என்பது தெரியும். ஒஸ்திரியாவின் ஸ்டெயர் ஏ.யூ.ஜி. றைபிளுக்கு இடக்கைக்குரிய உள்ளுறுப்பு ஒன்று தனியே கிடைக்கிறது. அதை மாற்றிப் பொருத்தினாற் கோது இடப்புறத்தாற் போகும். பிரான்சின் பமாஸ் றைபிளிலும் சிறு மாற்றங்களாற் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். பெல்ஜியத்தார் 1990-இல் வெளியிட்ட பி-90 என்னும் ஆயுதமோ கோதைக் கீழ்நோக்கியே உதிர்த்துவிடுகிறது. எந்தத் தோளானாலும் ஒன்றுதான். அமெரிக்காவில் இத்தகா கம்பனியின் 37-ஆம் இலக்க வேட்டைத் துவக்கு 1937-லேயே கீழ்ப்புறத்தால் தோட்டா ஏற்று, கீழ்ப்புறத்தாலேயே கோதை உதிர்த்தது. வழி தெரியாமல் எவரும் இருக்கவில்லை.

கையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், சுடுவதற்குக் கையைவிடக் கண் முக்கியம். இரண்டு கண்களுள் ஒன்று மற்றதை ஆள்கிறது. வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இதைச் சோதித்து அறியலாம். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கிடையே ஒரு சிறு இடைவெளி விட்டு, எதிர்ச் சுவரிலுள்ள மணிக்கூட்டை அதனூடே இரு கண்களாலும் பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது மணிக்கூடு மறையாமல் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். மூவரில் ஒருவர் அளவில் இடக்கண் ஆளப்பெற்றவர்கள். வலக்கையால் எழுதி இடக்கண்ணாற் குறிபார்ப்போரும், இடக்கையால் எழுதி வலக்கண்ணாற் குறிபார்ப்போரும் பலர் உளர்.

பறக்கும் பறவையையோ களிமண் தட்டையோ சுடும் இரட்டைக்குழல் துவக்கிலே இது உடனே வெளிப்படும். அங்கே இரு கண்களையும் திறந்து வைத்தே சுடுவார்கள். வலத்தோளில் வைத்தவரை இடக்கண் ஆளுமானால் சூடு இலக்குக்கு இடப்புறமாய்ப் போகும். மாணவன் காரணம் அறியாமல் தன் கையையே நொந்துகொள்வான். ஆகவே, தேர்ந்த ஆசிரியர் எந்தத் தோள் என்று முடிவு செய்வதற்கு முன்னர்க் கண்ணைச் சோதிக்கிறார். இத்துவக்குகளின் சோங்கும் நேரானதன்று. குழல் கண்ணுக்கு நேராய் வரும்பொருட்டு வலக்கைக்காரருக்கு அதைச் சில மில்லிமீற்றர் வலப்புறமாய் வளைத்திருப்பார்கள். இடக்கைக்காரர் அதைத் தோளில் வைத்தால் வளைவு பகையாகிறது. இங்கிலாந்தின் துவக்குத் தச்சர்கள், ஒரு கண் பழுதானவர்களுக்காக, வலத்தோளிற் பதிந்தும் குழல் இடக்கண் முன் நிற்குமாறு பெரிதாய் வளைந்த சோங்குகளையும் செய்திருக்கிறார்கள். பார்வைக்கு உடைந்த துவக்குப் போலத் தோன்றும்.

கைத்துப்பாக்கி சோங்கு அற்றது. நீட்டிய கையில் நிற்பது. எந்தக் கண்ணுக்கும் அதைக் கொண்டுவரலாம். எனினும் போட்டித் துப்பாக்கியின் பிடி கையின் பள்ளமேடுகளுக்கு ஏற்பச் செதுக்கப்படுவது. வலக்கைப் பிடி இடக்கையில் இருக்காது. பிடியை மாற்றிச் செதுக்கலாம். விரலை எப்படி மாற்றுவது? இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தவர் ஒருவர் ஹங்கேரி நாட்டிலே இருந்தார்.

காரோலி தகாச் 1910-ஆம் ஆண்டு புடாபெஸ்டிற் பிறந்தவர், படையிலே சார்ஜன்ட், வலக்கையாற் சுடுவதில் நாட்டின் முன்னணி வீரருள் ஒருவர். 1936-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்கு அதிகாரிகளையே அனுப்புவது என்ற விதியினால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1938-இற் பயிற்சியின்போது கைக்குண்டு ஒன்று அவர் வலக்கையிலேயே வெடித்தது. ஒரு மாத காலம் மருத்துவமனையிற் கிடந்தார். வெளியே வந்தபின் எவருக்கும் சொல்லாமல் இடக்கையாற் சுடப் பழகத் தொடங்கினார். பிறவியிலேயே இடக்கைக்காரர் வலக்கைத் துவக்கோடு படும் பாட்டை அவர் எதிர்ப்புறத்திலிருந்து பட்டார். விசையை இழுக்கும் விரல் மற்ற விரல்களை அசைக்காமல் தனித்து அசைய வேண்டும். வலக்கை விரலுக்குப் பல ஆண்டுகளிற் படிந்த அந்த அறிவு இடக்கை விரலுக்கு ஒரு சிறிதும் இல்லை. 1939-இல் உலகப் போட்டியிலே வெற்றி பெற்ற ஹங்கேரிய அணியில் அவர் இருந்தார். பின்னர் போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை.

1948-இல் இலண்டனுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. போட்டி 25 மீற்றர் விரைவுச் சூடு. ஐந்து இலக்குகளை முதலில் எட்டு விநாடியிலும், பின் ஆறிலும், இறுதியில் நான்கிலும் சுட வேண்டும். உலக வீரராய் இருந்த ஆர்ஜென்டீனாவின் டியாஸ் சாயென்ஸ் வலியென்டே, எதற்காக வந்தீர் என்று தகாச்சைக் கேட்டாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்பது விடை. அறுபது சூட்டில் 600 புள்ளிக்கு 580 பெற்று, புதிய உலக நிலைநாட்டலோடு தகாச் முதலிடம் பெற்றார். டியாஸ் 571 புள்ளியோடு இரண்டாம் இடம். போதிய அளவு கற்றுவிட்டீர் என்று அவர் சொன்னதாகக் கூறுவர்.

நான்கு ஆண்டுகளின் பின் ஹெல்சிங்கியிலும் தகாச் அதே இடக்கையோடு நின்றார். அங்கே அவருக்கு நெருக்கமாக வந்தவர் அவரிடமே பயின்ற சிலார்ட் குன் என்னும் இளைஞர். மாணவருக்கு 578 புள்ளி, ஆசிரியருக்கு 579.