பந்தல் மட்டும் போதுமா?



ஓய்வூதியர் சங்கத்து நண்பர்களே, கத்திரி பிறக்கும் முன்பே நம் திருவையாற்றில் தண்ணீர்ப் பந்தல் திறந்துவிட்டீர்கள். பக்கத்துத் திங்களூரில் அப்பூதி அடிகள், திருநாவுக்கரசர் பெயரால் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த வழியில் வந்த உங்களைப் பாராட்டுகிறேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறேன். பானை நிறையத் தண்ணீர் இருந்தும் எழுபது வயதுக்காரர் ஏன் குடிக்காமல் போகிறார்?

முதல் காரணம், வயதானால் தாகம் சரியாகத் தெரிவதில்லை. 1984-இல் ஓர் ஆய்வு வெளியானது. இளைஞர்களையும், 67 முதல் 75 வயது வரை உள்ள ஆரோக்கியமான ஆண்களையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு தண்ணீர் கொடுத்தபோது இளைஞர்கள் மடமடவென்று குடித்தார்கள். பெரியவர்களுக்கு உடம்பு அதிகம் வற்றியிருந்தும் தாகம் குறைவு, குடித்ததும் குறைவு. சிறுநீரகமும் முன்போல நீரைப் பிடித்து வைப்பதில்லை. ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

ஆகவே தாகத்துக்குக் காத்திருக்காதீர்கள். மாத்திரை போல வேளை வைத்துக் குடியுங்கள். எழுந்ததும் ஒரு டம்ளர், சாப்பாட்டு வேளையில் ஒன்று, நடுவே நீர்மோரோ கஞ்சியோ. இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, சிறுநீர் கடும் மஞ்சள் என்றால் உடனே கவனியுங்கள். வெயிலில் இருந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல மேடைகள் கூசுகின்றன. தஞ்சாவூர் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பாட்டி. பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். மடியில் முழுப் பாட்டில் தண்ணீர், மூடி திறக்கவில்லை. "குடிங்களேன், ஆத்தா" என்றேன். "குடிச்சுப்புட்டு எங்கய்யா போறது?" என்றார். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்டி வந்தும் அந்தப் பாட்டி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை!

இது கிழவர்களின் சின்னத் தொல்லை என்று தள்ளிவிடாதீர்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். 2024-இல் நம் அரசும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. பேரிடர் என்றால் ஏற்பாடும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டாமா?

எனவே நம் கோரிக்கை ஒன்றுதான். தண்ணீர்ப் பந்தல் இருக்கும் இடத்தில் எல்லாம், நடந்து போகும் தூரத்தில் ஒரு கழிப்பறை வேண்டும். பூட்டுப் போடாத, காசு கேட்காத, பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி வைத்த கழிப்பறை. மனு அந்த மேசையில் இருக்கிறது. எனக்குக் கைதட்ட வேண்டாம். ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்கள், ஆளுக்கொரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போங்கள்.