தோட்டாவை எண்ணுவது யாருக்காக?

(பழனி மலை அடிவாரத்தில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



துப்பாக்கித் தோட்டாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சாலையில் ஷிப்டு முடித்து வந்திருக்கும் தோழரும் சரி, தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறித்துவிட்டு இறங்கி வந்திருக்கும் தாய்மாரும் சரி, வாழ்நாளில் ஒரு தோட்டாவைக் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டீர்கள். ஆனால் அது யார் கைக்குப் போகிறது என்பது நம் சோற்றையும் உயிரையும் தொடுகிற விஷயம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் சொல்வது இது: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதை லைசென்சிலேயே எழுதுகிறார்கள். விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதை இன்னும் இறுக்கு என்கிறார்கள் சிலர். பன்றித் தொல்லை தாங்காத விவசாயிகளோ தளர்த்து என்கிறார்கள். நாம் எந்தப் பக்கம்?

பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1878இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. 1857இன் பயம் வெள்ளையருக்கு அப்போதும் தெளியவில்லை. இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விதிவிலக்கு. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். பின்னாலேயே துரைமார் வந்தார்கள். காட்டுமாட்டையும் கடமானையும் சுட்டு அதன் கொம்பைச் சுவரில் மாட்டினார்கள். காட்டில் பிறந்த பளியர் அவர்களுக்கு வழி காட்டினார். துரை சுட்டால் வேட்டை. பளியர் சுட்டால் குற்றம்!

வெள்ளையன் போனான். துப்பாக்கி யார் வீட்டுக்குப் போனது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் மிராசுதார் கூட்டம் துப்பாக்கியோடுதான் வந்தது. குண்டடிக்குத் தப்பி ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் தீயில் கருகினார்கள். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. ஆகவே தோட்டாவுக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க 2019இல் மசோதா வந்தது. பழைய ராஜகுடும்பத்தாரும் எதிர்த்தார்கள்; இரண்டு என்று முடிந்தது. இரண்டு துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயத் தொழிலாளி எவராவது இங்கே உண்டா?

இப்போது மலைக்கு வருவோம். மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும், கீழ்மலையில் வாழையும் காப்பியும். ஒரு ராத்திரி பன்றிக் கூட்டம் இறங்கினால் கிழங்குக் காட்டை உழுதுவிட்டுப் போகிறது. கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டுமாடு நடமாடுகிறது. அது ஏன் இறங்குகிறது? மேல்மலையின் புல்வெளிகளில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையையும், செயற்கை இழை ஆலையின் கூழுக்காகத் தைலமரத்தையும் நட்டது சர்க்கார். மேய்ச்சலைப் பறித்துக்கொண்டு மாட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

பயிர் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்த நிலத்துப் பயிர் என்று காட்ட வேண்டும். குத்தகைக்கு உழுகிறவரும் பட்டா இல்லாத ஆதிவாசியும் எதைக் காட்டுவார்கள்? தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கியையும் போலீசில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியாது!

2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சமவெளிக்கு இது சரியாக இருக்கலாம். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் ஒரு காட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் அடுத்த காடு வந்துவிடுமே! மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் பஞ்சாயத்துத் தலைவருக்கே கொடுத்தார்கள். சுடுகிறவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும், கணக்கும் உண்டு. கட்டுப்பாடும் இருக்கிறது, வேலையும் நடக்கிறது.

இங்கே நடப்பது வேறு. தோட்டா கிடைக்காத இடத்தில் அவுட்டுக்காய் வருகிறது. பழத்துக்குள் வெடிமருந்து, பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கிறது, வாய் சிதறிப் பட்டினியில் சாகிறது. செய்கிறவனுக்கே கை போகிறது. வசதியுள்ளவர் வேலியில் திருட்டு மின்சாரம் விடுகிறார். விடியுமுன் தண்ணீர் கட்டப் போகிற கூலியாள் அதில் விழுகிறார். அவருக்கு வேலி எங்கே என்றே தெரியாது. தோட்டாவுக்கு இருக்கிற கணக்கு அந்தக் கம்பிக்கு உண்டா? மின்வேலியைப் பதிவு செய்ய 2023இல் விதி போட்டார்கள். ராத்திரியில் போய்ப் பார்ப்பவர் யார்?

மலைக் கிராமங்களுக்குத் தனி விதி வேண்டும். பன்றியைச் சுடுவது வனத்துறைதான் என்றால், கூப்பிட்ட இரவே ஆள் வர வேண்டும். நஷ்ட ஈடு பட்டாதாரருக்கு மட்டுமல்ல, உழுதவருக்கும் சேர வேண்டும். விலங்கால் அடிபட்ட கூலியாளுக்கு அலைச்சலில்லாமல் சேர வேண்டும். காவலுக்குப் போகிறவருக்கு இரவுக் கூலி வேண்டும். கள்ள மின்சாரம் விட்டு ஆள் செத்தால் தோட்டக்காரர் மேல் வழக்கு வேண்டும், அவர் எவ்வளவு பெரிய மனுஷராயிருந்தாலும்!

கலெக்டருக்கு எழுதிய மனு மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் போடுங்கள், மற்றவர் ரேகை வையுங்கள். மில் தோழர்கள் காலை ஷிப்டுக்குப் போகும்போது ஒரு பிரதியை கேட்டுக்கு எடுத்துப் போங்கள். மலையிலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் முதலில் வரட்டும்.