மரத்தின்மேல் ஒரு வெள்ளிப் போர்வை

திருவண்ணாமலைக் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவில், மாட வீதியில் தகதகவென்று எழுந்தருளும் பெரிய வெள்ளி ரிஷப வாகனத்தைத் தரிசித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பக்தர்களில், அந்த வெள்ளிக்கு உள்ளே இருப்பது மரம் என்பதை நினைத்துப் பார்ப்பவர் சிலரே.

நன்றாக உலர்ந்த மரத்தில், திமிலும் கழுத்துச் சதங்கையும் உட்பட முழு ரூபத்தையும் தச்சர் செதுக்கி முடித்த பிறகுதான் வெள்ளி வேலை ஆரம்பமாகிறது. மெல்லியதாக அடித்த தகட்டை நெருப்பில் வாட்டி இளக்கி, அரக்கின்மேல் பதித்து, பின்புறமிருந்து தட்டிப் புடைப்பு எழுப்பி, பிறகு முன்புறம் திருப்பிச் சிற்றுளியால் ரேகை ரேகையாகத் தீர்க்கும் இந்த நகாசு வேலையில், ஓர் அடி பலமாக விழுந்தாலும் தகடு கிழிந்து, அதுவரை பட்ட சிரமமெல்லாம் வியர்த்தமாகிவிடும். இவ்விதம் துண்டு துண்டாகத் தயாரான தகடுகளை மரத்தின் மேடுபள்ளங்களோடு இழையவைத்துச் சின்னஞ்சிறு ஆணிகளால் இறுக்குகிறார்கள். அந்த ஆணித் தலைகளைப் பூ வேலைப்பாட்டின் நடுவே மறைத்துவிடுவதில்தான், என் அபிப்பிராயத்தில், கைவினைஞரின் சாமர்த்தியம் பரிபூரணமாகத் தெரிகிறது.

முழுவதும் வெள்ளியிலேயே வார்த்தால் என்ன என்று கேட்பவர்கள், வாகனம் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளைக் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊர்க் கோயிலிலும் வெள்ளி வாகனம் இருந்தால், சுவாமியைச் சேவித்த பின் அந்த ஆணிகளையும் சற்றுத் தேடிப் பாருங்கள்.