டைனமோவுக்கு டாட்டா: செஞ்சியில ஒரு மார்க் 2 அம்பாசடர்

இந்த வாரம் கோடு, சர்வர் எதுவும் கிடையாது. செஞ்சியில எங்க தாத்தா வீட்டு வாசல்ல நிக்கிற மார்க் 2 அம்பாசடரைப் பத்திப் பேசப்போறேன். அதோட டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டின கதை.

ஒரு ஐப்பசி பௌர்ணமி. திருவண்ணாமலை போயிட்டு ராத்திரி திரும்புறோம். நான் ஓட்டுறேன், தாத்தா பக்கத்துல, ஆயா பின்சீட்ல. விடாத மழை. பௌர்ணமி அன்னிக்கு அந்த ரோடு எப்படி இருக்கும்னு கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும். ஊரைத் தாண்டுறதுக்கே ஒரு மணி நேரம், அதுலயும் முக்கால்வாசி நின்னுக்கிட்டே. அப்புறம் வழியெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னாடி ஊர்ந்துக்கிட்டு வந்தோம். ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல ரோடு போகுமில்ல, அங்க வரும்போது லைட் மஞ்சளாச்சு. வைப்பர் பாதியில நின்னுது. ரெண்டு தடவை குலுங்கி இன்ஜினும் அடங்கிடுச்சு. டெயில் லைட் ஊதுபத்தி முனை மாதிரி இருந்துச்சு. தாத்தா டார்ச்சை எடுத்துக்கிட்டு மழையில இறங்கி ஆட்டுறாரு. பின்னாடி வந்த பஸ் கடைசி நிமிஷத்துல ஒடிச்சு, எங்களை உரசாத குறையா போச்சு. ஆயா அன்னிக்கு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "நின்ன இடத்துல லைட்டை அணைக்கணும்டா." அவர் எப்பவுமே வண்டி நின்னா ஹெட்லைட்டை அணைச்சுடுவாரு. நான் அதைக் கஞ்சத்தனம்னு நெனச்சிருந்தேன்!

காரணம் டைனமோ. அதுல காந்தப்புலம் நிக்கும், கரண்ட் உண்டாக்குற சுருள் சுத்தும். அந்த மொத்த கரண்ட்டும் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாத்தான் வெளிய வரணும். ரொம்ப வேகமா சுத்தவிட்டா அது தாங்காது. அதனால பெரிய புல்லி போட்டு நிதானமா சுத்த விடுவாங்க. ஐடில்ல சார்ஜ் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்துலயே அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் கொடுக்கும். ரெண்டு 55 வாட்ஸ் ஹாலஜன் பல்புக்கு மட்டுமே 9 ஆம்பியர் போயிடும். வைப்பர், இக்னிஷன், டெயில் லைட், பிரேக் லைட்னு கூட்டிப் பாருங்க. பழைய டைனமோவுக்கு மழை ராத்திரியில மூச்சு முட்டும். மிச்சம் எல்லாம் பேட்டரிக் கணக்கு.

ஆல்டர்னேட்டர்ல இது தலைகீழ். காந்தம் சுத்தும், கரண்ட் எடுக்குற சுருள் நிக்கும். பிரஷ் வழியா போறது காந்தத்துக்கான சின்ன கரண்ட் மட்டும். அதனால சின்ன புல்லி போட்டு வேகமா சுத்தலாம், ஐடில்லயே சார்ஜ் வரும். ஏசியா வர்றதை உள்ள இருக்கிற டையோடுங்க டிசி ஆக்கிடும். பின்னாடி வந்த அம்பாசடர்கள்ல கம்பெனியே ஆல்டர்னேட்டர்தான் போட்டுச்சு. ஆனா கடை போர்டுல இன்னமும் 'செல்ஃப், டைனமோ'ன்னுதான் எழுதியிருக்கும். சென்னைக்காரங்களுக்கு பாடியில 'லூகாஸ்' ஸ்டாப் தெரியும்ல? 1961-ல தொடங்கின லூகாஸ்-டிவிஎஸ் அங்கதான் இருக்கு. பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே இந்த வேலை பண்ணப்போதான் உறைச்சுது.

சரி, வேலைக்கு வருவோம். பிராக்கெட், புல்லி, பெல்ட் நேரா வரணும், அதெல்லாம் அரை நாள். ஒயரிங்தான் ரெண்டு நாள் இழுத்துச்சு. முதல்ல பேட்டரியோட எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாருங்க. எங்க வண்டியில பாசிட்டிவ். பழைய பிரிட்டிஷ் வழக்கம் அது. இப்போ கடையில கிடைக்கிற ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேணும். அப்படியே மாட்டினா டையோடு அந்த நொடியே காலி. பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயில் ஒயரையும் ஆம்மீட்டர் ஒயரையும் இடம் மாத்தினோம்.

அடுத்தது ஒயரோட தடிமன். 22 ஆம்பியருக்குப் போட்ட ஒயர்ல, 45 ஆம்பியர் கொடுக்கக்கூடிய சாமானை மாட்டினா, பேட்டரி காலியா இருக்கிற அன்னிக்கு ஒயர் சூடாகி உருகும். அப்கிரேடுன்னு சொல்லிட்டு தீயைத்தான் வண்டிக்குள்ள ஏத்துறோம். பழைய ரெகுலேட்டர் பெட்டியை சர்க்யூட்லேருந்து விலக்கிட்டு, ஆல்டர்னேட்டர்லேருந்து பேட்டரி பக்கத்துக்குத் தடிமனான தனி ஒயர், நடுவுல ஃபியூஸ். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல புது எர்த் ஸ்ட்ராப். ஆம்மீட்டர் 30 வரைக்கும்தான் காட்டும், அதனால அதை சும்மா அழகுக்கு விட்டுட்டு ஒரு வோல்ட்மீட்டர் வெச்சோம்.

இப்போ என் மானம் போன விஷயம். முதல் ஆல்டர்னேட்டரை மாட்டின அன்னிக்கே நான் கொன்னுட்டேன். சார்ஜ் ஆகுதான்னு பார்க்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழட்டுறது தாத்தா கத்துக்கொடுத்த டெஸ்ட். இன்ஜின் நிக்காம ஓடினா டைனமோ நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆல்டர்னேட்டர்ல பேட்டரி சட்டுனு விலகினா வோல்டேஜ் எகிறி, டையோடையும் ரெகுலேட்டரையும் அடிச்சுடும். அடிச்சுது. இன்ஜினியரிங் டிகிரி வெச்சிருக்கிறவன் இதை முன்னாடியே யோசிச்சிருக்கணும். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா போதும்: இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தா சரி.

ஒரிஜினலைக் கெடுத்துட்டேன்னு கிளாசிக் கார் ஆளுங்க திட்டுவாங்க. டைனமோவும் பெட்டியும் கோணியில சுத்தி பரண்மேல பத்திரமா இருக்கு, வேணும்னா திரும்ப மாட்டிக்கலாம். எனக்கு அந்த பஸ் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு.

அடுத்த பௌர்ணமிக்கு அதே ரோடு, அதே நெரிசல். நின்ன இடத்துலயும் வோல்ட்மீட்டர் 13.8 காட்டிச்சு. தாத்தா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. மறுநாள் பானட்டைத் திறந்தேன், உள்பக்கம் வெள்ளை பெயிண்ட்ல அவர் கையெழுத்து: "வண்டி ஓடும்போது பேட்டரியைக் கழட்டாதே."