வெட்கத்தால் வளரும் புற்று

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நாம் வரவில்லை. ஆண்குறியில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். தாய்மார்கள் எழுந்து போக வேண்டாம். நீங்களும் கேட்க வேண்டிய பேச்சுதான் இது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது அங்கத்தினர் ஒருவர் நடை தளர்ந்து பெரட்டுக்கு வந்தார். கேட்டதற்கு, மேட்டில் வழுக்கி விழுந்தேன் என்றார். உண்மையில் முன்தோலுக்குள் ஒரு புண். எட்டு மாதம் மஞ்சளும் எண்ணெயும் பூசி, மனைவிக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். உறுப்பு முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. "டாக்டர் முன்னால் கைலியை அவிழ்க்க வெட்கப்பட்டேனே" என்று நம்மிடம் அழுதார்.

இது அரிதான நோய்தான். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. முன்தோல் இறுகிப் பின்னுக்கு வராதவர்கள், உள்ளே அழுக்குத் தங்கி அடிக்கடி புண்படுகிறவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம். ஏறத்தாழப் பாதிப் பேரின் நோயில் எச்.பி.வி. என்னும் கிருமியும் காணப்படுகிறது. பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குவதும் அதே கிருமிதான். அதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். கெட்ட நடத்தைக்குக் கிடைத்த தண்டனை என்று லயத்தில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுதான் ஆளை மறைத்து வைக்கச் செய்து கொல்கிறது.

ஆறாத புண், கட்டி, சிவந்த தடிப்பு, முன்தோலுக்கு அடியில் இரத்தம் அல்லது நாற்றமுள்ள நீர், இவை அடையாளங்கள். பல வேளை வலியே இராது. வலிக்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் காட்டிவிடுங்கள்.

டாக்டர் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார். மேல்தோலோடு நின்றிருந்தால் களிம்போ லேசரோ போதும். முன்தோலில் மட்டும் என்றால் சுன்னத்தைப் போலத் தோலை நீக்கலாம். மொட்டில் இறங்கியிருந்தால் அந்த இடத்தை வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். அதையும் கடந்தால்தான் பாதியோ முழுவதுமோ எடுப்பது. நெறிகளுக்குப் பரவியிருந்தால் அவற்றையும் எடுத்து, கதிர்வீச்சோ மருந்தோ கொடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து அங்கேதான். வெட்டுப்பட்டை அழுகினால் அன்றைக்கே கத்தியை நிறுத்தி மருந்து பூசுகிற நாம், நம் உடம்புக்கு எட்டு மாதம் தவணை கொடுக்கிறோம்!

ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கிராணியிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூச்சமானால் டாக்டர் சீட்டைக் கொடுங்கள், போதும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். என்ன நோய் என்று கேட்கமாட்டோம். முன்னே சொன்ன தோழர் இப்போது களையெடுப்பு வேலையில் இருக்கிறார். இதுவரை இரண்டு பேரைத் தாமே கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறார்.