கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு இவ்விழாவில் நம் காலனிச் சிறுமி ஒருத்தி, கீபோர்டில் மேனாட்டுப் பியானோ இசை வாசிக்க இடம் கேட்டாள். "தமிழ் விழாவில் அந்நிய இசை எதற்கு?" என்று விழாக் குழுவினராகிய நாம் மறுத்துவிட்டோம். அவள் மறுமொழி கூறவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்து நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டுச் சென்றாள். அந்த மௌனம் ஓராண்டாக நம் நெஞ்சை உறுத்தியது. ஆதலின், அவள் வாசிக்க விரும்பியது யாதெனக் கேட்டறிந்தோம். அறிந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அது, ஜார்ஜ் கெர்ஷ்வின் இயற்றிய 'ராப்சடி இன் புளூ' என்பதன் ஒரு பகுதி. 1924 பிப்ரவரி 12-ஆம் நாள் நியூயார்க்கில், அவரே பியானோ முன் அமர்ந்து அதனை அரங்கேற்றினார். அடிமைத்தளையில் உழன்ற கறுப்பின மக்களின் வழிவந்தோர் அமெரிக்காவில் வளர்த்த ஜாஸ் இசை, ஐரோப்பியச் செவ்விசையோடு ஒரே மேடையில் அமர்ந்த நாள் அது. அதற்கு முன்பே, 1908-இல், பிரெஞ்சு இசைப்புலவர் டெபுஸ்ஸி, தம் மகளுக்குக் காணிக்கையாக்கிய பியானோத் தொகுப்பில், ஜாஸின் முன்னோடியான ராக்டைம் நடையை எடுத்தாண்டார். 1932-இல் அரங்கேறிய ராவெலின் பியானோ கன்செர்ட்டோவிலும் ஜாஸின் சாயல் உண்டு. அதனால் பிரெஞ்சு இசை தன் முகத்தை இழந்துவிடவில்லை.

இதன் நுட்பம் நமக்கு அயலானதா? ராக்டைமில் இடக்கை தாளத்தைச் சீராகக் காக்க, வலக்கை அழுத்தத்தை அரை இடம் தள்ளி வைக்கும். சமத்தில் தொடங்காத எடுப்பைக் கேட்டுத் தலையசைப்பவர் நாம்; பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் திளைத்த செவிக்கு இது புதிதன்று. ஜாஸ் பாடகர் காந்தாரத்தைச் சற்றே தாழ்த்தி வளைத்துப் பாடுவார். பியானோக் கட்டையோ வளையாது. ஆகவே வாசிப்பவர் சிறிய காந்தாரத்தையும் பெரிய காந்தாரத்தையும் உரசினாற்போல் சேர்த்துத் தட்டி அந்த ஏக்கத்தை எழுப்புவார். கமகம் வேண்டி ஆர்மோனியத்தோடு போராடிய நம்மவர்க்கு இத்துன்பம் தெரியாததா? அந்த ஆர்மோனியத்தையே 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி விலக்கி வைத்திருந்ததையும் நினைவில் கொள்வோம்.

தொலைவில் ஏன் தேட வேண்டும்? பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். அவரும் ராமமூர்த்தியும் 1964-இல் 'புதிய பறவை' படத்தில் பியானோவையும் சாக்ஸபோனையும் தமிழ்ப் பாட்டோடு இணைத்தனர். அவற்றை அந்நியம் என்று எந்த வீடு ஒதுக்கியது? இடுக்கி மலைக்குக் கிழக்கே, பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றார். 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். மலைத்தொடரின் ஓரத்தில் பிறந்த இவ்விருவரும் பிறர் இசையைக் கற்றதனால் தமிழிசைக்கு வளம் சேர்த்தார்கள்.

அன்பர்களே! எல்லையோரத்தில் வாழும் நாம், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறோம். அதனால் நம் தமிழ் தேய்ந்துவிட்டதென எவரேனும் கூறின் நெஞ்சு பொறுக்குமா? அவ்வாறிருக்க, ஒரு குழந்தையின் பத்து விரல்களுக்கு நாம் ஏன் எல்லை வகுத்தோம்? அயல் இசை அறிந்ததனால் அவள் தமிழை மறந்தாளில்லை. நாம்தாம் அவளை ஒரு பொழுது மறந்திருந்தோம்.

அப்பிழையைத் திருத்தும் நாள் இது. இவ்வுரைக்கு அடுத்த நிகழ்ச்சி அவளுடையது. கடைசி வரிசையிலிருந்து அவள் மேடைக்கு வருகிறாள். நாம் அமர்ந்து செவி சாய்ப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் இளஞ்செல்வங்கள்!